அப்பா கையெழுத்து

அத்தியாயம் 14

'உடனே வாருங்கள்' என்று வக்கீலம்மாவிடமிருந்து ஒரு வரித் தகவல் வந்ததோடு கண்ணாடியம்மாவைப் போன வாரம் வாசற்படியிலேயே நிறுத்திவைத்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக ஒரு காலில் செருப்போடு நிற்கிறாள். இனியும் காக்கவைத்தால் நம்மை மனிதரில் சேர்க்கமாட்டார்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. தெருவே 'கண்ணாடியம்மா' என்று கூப்பிடும் இவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாகக் கண் அளந்து லென்ஸ் பொருத்தித் தருகிறவள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் புருஷன், "இதோ வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். போனவன் போனவன்தான். வீட்டில் மிச்சம் மூன்று பேர். அவள், பதிமூன்று வயது மகள் வாலு, ஓடிப்போனவனைப் பெற்ற மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதர் மகன் எங்கே என்று தேடிப் போகாமல் மருமகளுக்குத் துணையாகத் தங்கிவிட்டார்.

இப்போது வெளிநாட்டில் ஒரு கண் மருத்துவமனை அவளை வேலைக்குக் கூப்பிடுகிறது. வாலுவையும் அழைத்துப்போக வேண்டுமென்றால் அப்பன்காரன் நேரில் வந்து விரல்ரேகை வைத்துச் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கோர்ட் விவாகரத்துக் கொடுத்துப் பிள்ளையை அம்மாவிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். வேலை எட்டு மாதம்தான் காத்திருக்கும். அதற்குத்தான் இந்த வழக்கு.

ஊருக்கு மட்டும் அவள் வேறு கதை சொல்லிவைத்திருக்கிறாள். "அவரு கப்பல்ல இருக்காரு." ஆறு வருடமாக இதே கதை.

"மாமா, கிளம்பலையா? இன்னைக்கு உங்க வாக்குமூலமும் எழுதணும்னு வக்கீலம்மா சொன்னாங்களே."

மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டைத் துணியில் துடைத்தால் லென்ஸில் கீறல் விழும் என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. கேட்டால்தானே!

"முட்டி வலிக்குதும்மா. இன்னொரு நாள் வர்றேன்."

"நேத்து சாயங்காலம் வாலுவோட பூங்காவுல நாலு சுத்து நடந்தீங்க."

"அதனாலதான் வலிக்குது."

அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். பெற்ற மகனுக்கு எதிராக ஒரு அப்பன் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். முட்டி வலிக்காமல் வேறென்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டு தனியாகவே படியிறங்கினாள்.

வக்கீலம்மாவின் அறை முழுக்கக் கோப்புகள். உட்கார வேண்டுமானால் ஒரு நாற்காலிக் கோப்பை இன்னொரு நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அவள் மாற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு அனுப்பின கோர்ட் நோட்டீஸ் திரும்பி வந்துடுச்சு," என்றார் வக்கீலம்மா.

"அதானே மேடம் நாம எதிர்பார்த்தது? ஆள் இல்லைன்னுதானே வரும்?"

"அப்படி வந்திருந்தா நான் உங்களுக்கு இனிப்பு கொடுத்திருப்பேன். பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

நோட்டீஸ் கொண்டுபோன கோர்ட் ஊழியர், வீடு பூட்டியிருக்கவே மாடி வீட்டில் விசாரித்திருக்கிறார். பொறுப்பான மனிதர் போலிருக்கிறது. கேட்டதை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். 'மேல்வீட்டுப் பெண்மணி கூறியது: எதிர்மனுதாரர் கப்பலில் பணிபுரிகிறார். ஆண்டுதோறும் விடுப்பில் வீட்டுக்கு வந்து செல்வார். கடந்த ஆண்டும் வந்ததை நேரில் பார்த்தார்.'

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மாடி வீட்டு அக்காவை அவளுக்குத் தெரியும். நல்லவள். வாலு காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கூடவே இருந்தவள். கீழ்வீட்டுக் குடும்பத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று, கேள்விப்பட்டதையெல்லாம் கண்ணால் பார்த்ததாகவே சொல்லியிருக்கிறாள் மகராசி.

"இது யாரு சொன்ன கதை?" வக்கீலம்மா பேனாவை மூடிவைத்தார்.

"நான்தான் மேடம்."

"எதுக்கு?"

எதுக்கு என்றால் என்ன சொல்வாள்? முதல் மாதம் யாரோ கேட்டபோது வாயில் வந்தது. அப்புறம் அதைக் காப்பாற்ற வருடத்துக்கு ஒரு செண்ட் பாட்டில் நாலு தெரு தள்ளிப் போய் வாங்கி, கடைச் சீட்டைக் கிழித்துவிட்டு, "அவரு கொடுத்தனுப்பினாரு அக்கா," என்று மாடிக்குக் கொண்டுபோனாள். 'ராத்திரி வந்தாரு, விடியறதுக்குள்ள கப்பலுக்குக் கிளம்பிட்டாரு' என்று வருடா வருடம் ஒரு வருகையையும் சேர்த்துக்கொண்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று யாரும் பரிதாபப்பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வக்கீலம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இங்க பாருங்கம்மா. அவர் கோர்ட்டுக்கு வரவே வேணாம். வரலைன்னாலும் தீர்ப்பு வாங்கலாம். ஆனா அவர் ரெண்டு வருஷத்துக்கு மேல, தொடர்ச்சியா, காரணமில்லாம உங்களைக் கைவிட்டுட்டாருன்னு நாம நிரூபிக்கணும். நடுவுல வந்து குடும்பம் நடத்திட்டுப் போனாருன்னா அந்தத் தேதியிலேருந்து திரும்ப எண்ணணும். அவரே வந்து 'எனக்கும் சம்மதம்'னு ஒரு கையெழுத்துப் போட்டா ஆறு மாசத்துல வேலை முடியும். அதுக்கு ஆளு எங்க இருக்காருன்னே தெரியாது. இதுல நீங்களே வருஷா வருஷம் அவரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"மாடி வீட்டு அம்மா கோர்ட்ல வந்து 'எனக்குத் தெரியாது, இவ சொல்லித்தான் சொன்னேன்'னு சொல்லணும். அதுக்கு நீங்க முதல்ல அவங்ககிட்ட உண்மையைச் சொல்லணும். மாமனார் சாட்சி ரொம்ப முக்கியம். அதோட ஸ்கூல்ல ஒரு கடிதம் வாங்குங்க. ஆறு வருஷமா அப்பா எட்டிக்கூடப் பார்க்கலைன்னு. ஸ்கூல் ரிக்கார்டுன்னா ஜட்ஜ் நம்புவார்."

ஸ்கூல் என்றதும் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டாள். வக்கீலிடமும் டாக்டரிடமும் மறைக்கக் கூடாது என்பார்கள். ஒரே காலையில் எத்தனையைத்தான் கொட்டுவது, சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பருவமும் மதிப்பெண்ணோடு ஒரு துண்டுச்சீட்டு வரும். 'பெற்றோர் கருத்து' என்று ஒரு கட்டம், கீழே 'தந்தை கையொப்பம்'. எழுதிக் கிழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியான நேரம் கடையில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பழைய கடிதம் ஒன்றிலிருந்த புருஷன் கையெழுத்தை லென்ஸ் வருகிற காகித உறைகளில் எழுதிப் பழகினாள். தொடக்கத்தில் ஒரு வளையம், கடைசியில் கோட்டுக்கு அடியில் ஒரு புள்ளி. ஊசிமுனை ஸ்க்ரூவைப் பிரேமில் திருகுகிற கை அது. பத்தே உறையில் படிந்துவிட்டது.

வருடத்துக்கு மூன்று, ஆறு வருடம். பதினெட்டுச் சீட்டு.

தலைமையாசிரியை அவள் கடை வாடிக்கைக்காரர். அவர் மூக்கில் இருந்த கண்ணாடியே அவள் பொருத்திக் கொடுத்ததுதான். ஆனால் இன்றைக்கு அந்தக் கண்ணாடிக்கு நேராக நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதினெட்டுமா?" என்றார் தலைமையாசிரியை.

"பதினெட்டும்தான் டீச்சர்."

"நான் மத்த அம்மாக்கள்கிட்ட உங்க வீட்டுக்காரரை உதாரணம் காட்டியிருக்கேனேம்மா! 'கப்பல்ல இருந்துக்கிட்டே ஒரு சீட்டு விடாம கையெழுத்துப் போடறாரு, உங்க வீட்டுக்காரர் உள்ளூர்ல இருந்துக்கிட்டு என்ன பண்றாரு'ன்னு." அவர் நிறுத்தினார். "கப்பல்ல இருக்கிறவர் கையெழுத்து எப்படி மறுநாளே வருதுன்னு நானும் ஒரு நாள் யோசிக்கலை. எங்களுக்குக் கட்டம் நிரம்பியிருந்தா போதும்."

வாலுவின் கோப்பை எடுத்து மேஜையில் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் அவளே யோசித்து இடது பக்கம் சாய்த்து எழுதிய 'நன்று. தொடரட்டும்.' அதன் கீழே வளையமும் புள்ளியும். இது என்னுது, இதுவும் என்னுது, இதுவும்.

பதினாலாவது சீட்டில் கை நின்றது.

போன வருடத்துச் சீட்டு. கட்டத்தில் 'நன்று' இல்லை. 'என் மகளை நினைத்து ரொம்பப் பெருமைப்படுகிறேன்' என்று எழுதியிருந்தது. கீழே அதே கையெழுத்து.

அவள் எழுதியதல்ல. வந்தானா? பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனானா?

"என்னம்மா?"

அவள் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினாள். எழுதிய அழுத்தத்தில் தாள் புடைத்திருந்தது. வீட்டில் ஒரே ஒருத்திதான் பேனாவை இந்தக் குத்துக் குத்துவாள். நோட்டில் ஒரு பக்கம் எழுதினால் அடுத்த மூன்று பக்கத்திலும் தடம் விழும்.

"ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

தலைமையாசிரியை கடிதத்தாளை எடுத்தார். "கையெழுத்தைப் பத்தி நான் எழுதித் தர முடியாதும்மா. ஆனா பெற்றோர் கூட்டத்துப் பதிவேட்டுல ஆறு வருஷமா உங்க பேர் மட்டும்தான் இருக்கு. அதை எழுதித் தர்றேன். மிச்சத்தை நீங்க உங்க வாயால ஜட்ஜ்கிட்ட சொல்லிடுங்க. அவரா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி."

பள்ளி விட்டதும் அம்மாவும் மகளும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். வாலு பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு கல்லை உதைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு தாண்டும்வரை அவளும் வாய் திறக்கவில்லை, இவளும் திறக்கவில்லை. வாலு வாய் திறக்காமல் இரண்டு தெரு நடந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"ஸ்கூலுக்கு வந்தியாமே."

"உனக்கு எப்போலேருந்துடி தெரியும்?"

"எது?"

"எல்லாம்."

வாலு கல்லை ஓங்கி ஒரு உதை விட்டாள். "ஒம்பது வயசுல. உன் பையில கண்ணாடி உறை நிறைய அப்பா கையெழுத்தா இருந்துச்சு. முதல்ல அப்பாதான் உனக்கு அனுப்பறாருன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு உறையில பாதியோட அடிச்சிருந்தே. அப்பா எதுக்குத் தன் கையெழுத்தையே தப்பாப் போட்டு அடிக்கணும்?"

நடுரோட்டில் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு. நாலு வருடமாகத் தெரிந்தே இந்தப் பிள்ளை செண்ட் பாட்டிலைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. மாடி அக்கா கேட்டபோதெல்லாம் "அப்பா பெரிய கப்பல்ல இருக்காரு ஆன்ட்டி," என்று ஒத்து ஊதியிருக்கிறது. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார்? பெற்றவள்தான்.

"அப்புறம் அந்த ஒரு சீட்டை ஏன் நீ எழுதினே?"

"நீ எழுதற அப்பா எப்பவும் 'நன்று, தொடரட்டும்'னே சொல்லுவாரு. மார்க் ஏறினாலும் அதான், இறங்கினாலும் அதான். போர் அடிச்சுது." வாலு சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தத் தடவை ஓட்டப்பந்தயத்துல நான் முதல்ல வந்தேம்மா. அதுக்கும் 'நன்று, தொடரட்டும்'னா நல்லாவா இருக்கும்?"

அவள் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கென்று தொடங்குவது என்று தெரியவில்லை.

"நேரா மாடிக்குப் போகணும் வாலு. அக்காகிட்ட உண்மையைச் சொல்லப் போறேன். நீ வீட்டுல இரு."

"நானும் வர்றேன். நானும்தானே பொய் சொன்னேன்."

கீழ்வீட்டு வாசலில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் வீட்டுக்குள் வராமல் நேரே மாடிப்படி ஏறுவதைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"எங்கேம்மா மேல?"

"அக்காகிட்ட ஒரு விஷயம் சொல்லணும் மாமா. நீங்க முட்டி வலியோட ஏறாதீங்க."

மாடி வீட்டு அக்கா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் ஐந்து செண்ட் பாட்டில் வரிசையாக, மூடி திறக்காமல் இருந்தன. தன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'கீழ்வீட்டுத் தங்கச்சி புருஷன் கப்பல்லேருந்து அனுப்பினது' என்று காட்டுவதற்காகவே வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் பாதித் தைரியம் போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு, "அக்கா, அவரு கப்பல்ல இல்ல," என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். செண்ட் எல்லாம் நாலு தெரு தள்ளி வாங்கியது. ராத்திரி வந்து விடியும்முன் போனதெல்லாம் கட்டுக்கதை. ஆறு வருடமாக ஒரு கடுதாசி கிடையாது, ஒரு போன் கிடையாது.

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஆறு வருஷமா என்னை இப்படி ஏமாத்தியிருக்கியே தங்கச்சி. என்கிட்ட சொன்னா நான் என்ன தண்டோராவா போடப் போறேன்?"

"தப்புதான் அக்கா. கால்ல விழறதா இருந்தாலும் விழறேன். கோர்ட்ல மட்டும், நான் சொல்லித்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போன வருஷம் அவரை நீங்க பார்க்கலைன்னு..."

"அது எப்படிச் சொல்லுவேன்?" அக்கா அவளை விநோதமாகப் பார்த்தாள். "பார்த்தேனே."

"அக்கா, அதுவும் நான் சொன்ன பொய்தான்."

"நீ சொன்னதை யாரு சொன்னா? நான் என் கண்ணால பார்த்ததைச் சொன்னேன். பட்டப்பகல்ல. துணி காயப்போட்டுட்டு இருந்தேன். உங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு. முன்நெத்தி வரைக்கும் முடி கொட்டிப்போயிருந்துச்சு, ஆனா ஆள் அவரேதான். நீ கடையில இருந்தே. உன் மாமாதான் கதவைத் திறந்துவிட்டாரு."

அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் நீ வேலை முடிஞ்சு வந்ததும் படியிலேயே கேட்டேனே, 'என்னடி, உன் வீட்டுக்காரர் வந்திருந்தாரு போல'ன்னு. நீ என்ன சொன்னே தெரியுமா? 'ஆமாக்கா, உடனே கிளம்பிட்டாரு, கப்பல் நிக்காதாம்'னே."

சொல்லியிருப்பாள். எந்த நாள், எந்தப் படி என்று நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள். யார் கேட்டாலும் யோசிக்காமல் வருகிற பதில் அது. உண்மை அன்றைக்கு அவள் எதிரிலேயே வந்து நின்று கேட்டிருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே பொய் சொல்லி அதை அனுப்பிவைத்திருக்கிறாள்.

படியில் காலடிச் சத்தம். முட்டி வலிக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி மேல்படியில் நின்றார். கையில் கண்ணாடி.

"மாமா," என்றாள்.

"அரை மணி நேரம்கூட இருக்கலைம்மா." அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். "அதான் வக்கீலம்மாகிட்ட வரலை. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரலை."

"ஒரு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்லுவேன்? வந்தான், தண்ணி குடிச்சான், போயிட்டான். பெத்த பிள்ளை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலைம்மா அவன். அதை எந்த வாயால சொல்..."

அப்போதுதான் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அலமாரி ஓரமாக நின்ற வாலு கண்ணில் பட்டதும்தான், அவளும் கூட ஏறி வந்தது உறைத்தது. சொல்லவந்ததை அப்படியே விழுங்கிவிட்டார்.

வாலு அழவில்லை. இஸ்திரி போட்ட துணி ஒன்றின் நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப எதுக்கு வந்தாரு தாத்தா?"

மாமனார் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மடிப்பில் கிழியும் அளவுக்குப் பழசாகியிருந்தது. எத்தனை தடவை எடுத்துப் பார்த்து மடித்தாரோ. அவள்தான் கைநீட்டி வாங்கினாள்.

'இருவரும் மனமொத்துப் பிரிவதற்குச் சம்மதம்' என்று தலைப்பு. கீழே அவன் கையெழுத்து. தொடக்கத்தில் வளையம், கடைசியில் கோட்டுக்கு அடியில் புள்ளி. ஆறு வருடத்தில் முதல்முறையாக அவள் போடாத, வாலு போடாத அப்பா கையெழுத்து. பக்கத்தில் மனைவி கையொப்பத்துக்கு ஒரு வெறும் கட்டம். ஆறே மாதத்தில் வேலை முடியும் என்று வக்கீலம்மா சொன்னது காதில் கேட்டது. அது ஒரு வருடமாக இந்த வீட்டுக்குள்ளேயே, இந்தச் சட்டைப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"உன்கிட்ட கையெழுத்து வாங்கித் தரச் சொன்னான்," என்றார் மாமனார்.

"ஏன் மாமா வாங்கலை? குடுத்திருந்தா நான் போட்டிருப்பேனே!"

"தெரியும்மா. நீ போட்டிருப்பே." எத்தனையோ வருடம் பெரிய பஸ்ஸை ஓட்டிய அந்தக் கை, படியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. "போட்டுட்டா, அப்புறம் நான் உனக்கு யாரும்மா?"